செடிக்குள்ளும் ஓடுது கரண்ட்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். எங்கள் மின்னியல் துறையில் சூரிய மின்சக்தி, மின்சாரக் கார், ரோபோ என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் 'பயிரும் பூச்சியும்' என்று எழுதிக் கொடுத்ததும், "நீ என்ன அக்ரி காலேஜா?" என்று ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்! பூச்சி கடித்த செடிக்குள்ளே நடப்பது முழுக்க முழுக்க நம்ம பாடம்தான். அங்கே சென்சார் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, ரிலே இருக்கிறது, ஃபீட்பேக்கும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

நான் பெரம்பலூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மா கைநாட்டு. ஒன்றரை ஏக்கர் நிலம். மக்காச்சோளம், பருத்தி, கொஞ்சம் சின்ன வெங்காயம். அதில் மட்டும் வயிறு நிறையாது என்பதால் அப்பா அக்கம்பக்கத்துக் காடுகளுக்குக் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறார். முதுகில் டேங்க், டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. செமஸ்டர் ஃபீஸ் கட்டும் நாளில் அப்பா ரூபாயை எண்ணி எண்ணி என் கையில் வைப்பார். அப்போது எனக்குள்ளும் ஒரு கணக்கு ஓடும்: 'இது எத்தனை டேங்க்?'

ஆகவே நண்பர்களே, எங்கள் வீட்டில் பூச்சி என்பது பாடப்புத்தகத்துப் படம் இல்லை. அது எங்கள் கடன். என் படிப்புச் செலவும் அதுதான்.

படைப்புழு வந்த வருஷம்

2018-ஆம் ஆண்டு. நான் ஆறாம் வகுப்பு. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 2016-ல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018-ல் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட படைப்புழு அந்தப் பருவத்திலேயே எங்கள் மக்காச்சோளத்துக்கும் வந்துவிட்டது. குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தின்னும். மேலே மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். மருந்து அடித்தால் குருத்துக்கு உள்ளே இருக்கிற புழுவுக்கு எட்டுவதில்லை. சிலர் குருத்தில் மணலைப் போட்டார்கள். அப்பா மாற்றி மாற்றி மருந்து அடித்தார். அந்த வருஷம் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

ஒருநாள் சாயங்காலம் அப்பா வரப்பில் உட்கார்ந்து கேட்டார்: "ஏம்மா, புழு கடிக்கிறப்ப செடி சும்மாவா நின்னுக்கிட்டு இருக்கும்? ஆடு மாடுன்னா கத்தும், ஓடும். இதுக்குக் காலும் இல்ல, வாயும் இல்ல. என்னதான் பண்ணும், பாவம்?"

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்? கேள்வி மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. பாலிடெக்னிக் வந்து கன்ட்ரோல் சர்க்யூட் படித்தபோதுதான், தேடிப் பார்ப்போமே என்று கிளம்பினேன். கிடைத்த பதில் இதுதான்: செடி சும்மா நிற்பதே இல்லை!

வெங்காயம் சொல்லும் ரகசியம்

முதலில் எங்கள் ஊர்ச் சரக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முழு வெங்காயத்தைக் கையில் வைத்திருந்தால் கண் எரிகிறதா? இல்லை. நறுக்கினால்தான் எரிகிறது. ஏன்? வெங்காயத்தின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பொருள்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ஒன்று கந்தகம் கலந்த ஒரு சேர்மம். இன்னொன்று அதை உடைக்கிற என்சைம். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, நம்ம ஒயருக்கு இன்சுலேஷன் மாதிரி. கத்தியோ பல்லோ பட்டால் சவ்வு கிழிகிறது, இரண்டும் கலக்கின்றன, ஒரு வாயு கிளம்புகிறது. நம் கண்ணில் தண்ணீர்! வெங்காயம் இதை நமக்காகச் செய்யவில்லை, தன்னைக் கடிக்க வருகிறவனுக்காகச் செய்து வைத்திருக்கிறது.

மக்காச்சோளமும் இதே வித்தையைத்தான் வைத்திருக்கிறது. அதன் இளம் பயிரில் 'டிம்போவா' என்று ஒரு நஞ்சு உண்டு. சும்மா இருக்கும்போது அதன் தலையில் ஒரு சர்க்கரை மூலக்கூறு மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். மூடி இருக்கும்வரை நஞ்சு வேலை செய்யாது. மூடியைக் கழற்றும் என்சைம் செல்லுக்குள் வேறு அறையில் காத்திருக்கிறது. புழு மென்றதும் இரண்டும் சந்திக்கின்றன, மூடி கழன்று நஞ்சு வெளியே வருகிறது. எத்தனையோ பூச்சிகள் இதனாலேயே இளம் சோளத்தை விட்டு ஓடுகின்றன.

'அப்படியானால் படைப்புழு ஏன் ஓடவில்லை?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தக்காளி அனுப்பிய தந்தி

இதெல்லாம் முன்கூட்டியே செய்து வைத்த தற்காப்பு. அடி விழுந்த பிறகு செடி என்ன செய்கிறது? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது.

1972-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரையன் என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவர் கிரீனும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் ஒரு இலையை வண்டு தின்றால், கடிபடாத மற்ற இலைகளிலும் ஒரு புரதம் சேர ஆரம்பிக்கிறது. அந்தப் புரதத்தின் வேலை புழுவின் குடலில் செரிமான என்சைமைப் பிடித்துப் பூட்டிவிடுவது. புழு தின்னும், ஆனால் செரிக்காது. வயிறு நிறைந்தும் வளர முடியாது. பச்சை சோயாவிலும் இதே வகைப் புரதம் இருக்கிறது. வேக வைத்தால் அது செயலிழந்துவிடும். அடுப்பு கண்டுபிடித்த மனிதன் தப்பித்தான், அடுப்பில்லாத புழு மாட்டிக்கொண்டது!

சரி, கடி ஒரு இலையில். தயாரிப்பு எல்லா இலையிலும். நடுவில் தகவல் எப்படிப் போனது? 19 வருஷம் கழித்து, 1991-ல் ரையனின் குழுவே ஒரு பதிலைக் கண்டுபிடித்தது. வெறும் 18 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி. பெயர் சிஸ்டமின். 200 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு பெரிய புரதத்திலிருந்து, காயம் பட்டதும் இந்தச் சிறு துண்டு வெட்டுப்பட்டு வருகிறது. செடியில் இப்படி ஒரு ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது அதுதான் முதல் முறை. காயத்துக்குப் பக்கத்தில் இது அலாரத்தைப் பெரிதாக்குகிறது, நம்ம ஆம்ப்ளிஃபையர் மாதிரி. அதன் தூண்டுதலால் உண்டாகும் ஜாஸ்மோனிக் அமில வகைதான் தூரத்து இலைக்குப் போகிறது என்பது பின்னால் ஒட்டுச்செடிச் சோதனைகளில் தெரிந்தது.

ஜாஸ்மோனிக் என்றால்? நம்ம மல்லிகைதான்! மல்லிகை எண்ணெயில் முதலில் கிடைத்த பொருளின் சொந்தக்காரன் என்பதால் அந்தப் பெயர். நாம் தலையில் வைக்கிற பூவின் வாசனைக்கு உறவுக்காரப் பொருள் ஒன்று, செடிகளுக்குப் போர் முரசு. எவ்வளவு வேடிக்கை பாருங்கள்!

ரிலே இதோ இருக்கிறது!

இப்போது மோட்டார் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சி வராத நாளில் தற்காப்பு மரபணுக்கள் ஆஃப் நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செடியின் சத்தெல்லாம் ஆயுதம் செய்வதிலேயே போய், தண்டும் கதிரும் வளராது. அதனால் மரபணுவை ஆன் செய்யும் 'மிக்-2' என்ற புரதத்தை 'ஜாஸ்' என்ற இன்னொரு புரதம் கட்டிப்பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. இதை 2007-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டன.

கடி விழுந்ததும் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகச் சவ்வின் கொழுப்பிலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் தயாராகிறது. அது ஒரு அமினோ அமிலத்தோடு சேர்ந்து, ஜாஸ் புரதத்தைக் குப்பைக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்கிறது. ஜாஸ் சிதைகிறது, மிக்-2 விடுதலையாகிறது, தற்காப்பு மரபணுக்கள் ஆன்! இதில் இன்னொரு அழகு. மிக்-2 ஆன் செய்யும் மரபணுக்களில் ஜாஸ் புரதத்தின் மரபணுவும் ஒன்று. அதாவது வேலை தொடங்கும்போதே நிறுத்தும் ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது. நெகட்டிவ் ஃபீட்பேக்! நாம் ஆப்-ஆம்ப் வைத்து லேபில் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். தக்காளி அதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

கரண்ட் எங்கே என்கிறீர்களா? 1992-ல் 'நேச்சர்' இதழில் தக்காளி நாற்றைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. விதையிலையைக் காயப்படுத்தினார்கள். சாறு போகும் பாதையைக் குளிரவைத்து அடைத்தார்கள். ஆனாலும் மேல் இலையில் தற்காப்புப் புரதம் உண்டானது. ஒரு மின் சமிக்ஞை தண்டு வழியே கடந்து போனது பதிவானது. பிறகு 2018-ல் டொயோட்டா, கில்ராய் ஆகியோரின் குழு கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றை, கால்சியம் கூடினால் ஒளிரும்படி மாற்றிப் படம் பிடித்தது. புழு கடித்த இடத்தில் குளூட்டமேட் கசிகிறது. உடனே கால்சியம் அலை ஒன்று கிளம்பி நொடிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடி, ஓரிரு நிமிஷத்தில் தூரத்து இலையைத் தொட்டுவிடுகிறது. குளூட்டமேட் வேறொன்றுமில்லை, ஃப்ரைடு ரைஸ் கடையில் தூவுகிற அஜினோமோட்டோவில் இருக்கிற அதே சங்கதிதான். நம் மூளையிலும் நரம்புக்கு நரம்பு சேதி சொல்வது அதுவே. செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. ஆனால் ஒயரிங் இருக்கிறது!

எங்கள் காட்டில் படைப்புழு குருத்தைத் தின்றுகொண்டிருந்த அதே 2018-ல்தான் உலகம் அந்தப் படத்தைப் பார்த்தது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

எச்சில் காட்டிக் கொடுக்கும்

இன்னொரு சந்தேகம் வரும். காற்றில் இலை கிழிந்தாலும் காயம், புழு கடித்தாலும் காயம். செடிக்கு வித்தியாசம் தெரியுமா? தெரியும்! புழுவின் எச்சில் காட்டிக் கொடுத்துவிடும்.

1990-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் என்ற மூவர் மக்காச்சோள நாற்றில் இதைக் கண்டார்கள். படைப்புழுவின் நெருங்கிய உறவுக்காரப் புழு ஒன்று கடித்தால், நாற்று ஒருவித வாசனையைக் காற்றில் விடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு சின்னக் குளவி ஒன்று வந்து புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கிறது. குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. சும்மா கிழித்த காயத்தில் புழுவின் எச்சிலைத் தடவினாலும் அதே வாசனை. எச்சிலில் இருந்த பொருளை 1997-ல் பிரித்தெடுத்து 'வாலிசிட்டின்' என்று பெயர் வைத்தார்கள்.

நம்ம தட்டைப்பயறு இன்னும் கெட்டிக்காரி. புழு இலையைத் தின்னும்போது, இலையின் பசுங்கணிகத்தில் ஏ.டி.பி. தயாரிக்கும் இயந்திரத்தின் ஒரு பாகம் புழுவின் வயிற்றில் துண்டாகிறது. அந்தத் துண்டு எச்சிலோடு திரும்ப இலையில் படுகிறது. 'அடடே, இது என் சொந்தப் பாகமாச்சே, எவனோ தின்கிறான்!' என்று பயறு எழுந்துகொள்கிறது. 2006-ல் இந்தத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். அதை உணரும் சென்சார் 2020-ல் தெரிந்தது.

பூட்டும் கள்ளச்சாவியும்

இவ்வளவு இருந்தும் எங்கள் சோளம் ஏன் தோற்றது? இதோ பதில். டிம்போவா நஞ்சு குடலுக்குள் வந்ததும், படைப்புழு அதன் தலையில் மறுபடி ஒரு சர்க்கரை மூடியைப் போட்டுவிடுகிறது. அதுவும் எப்படி? எதிர்ப்பக்கமாகத் திருப்பி! செடியின் என்சைமால் அந்த மூடியைக் கழற்ற முடியாது. செடி போட்ட பூட்டுக்குக் கள்ளச்சாவி செய்துகொண்டு வந்த திருடன் அது.

நெல்லிலும் இதே கதைதான். புகையான் பூச்சி நெல்லின் சாற்றை உறிஞ்சும். அதை எதிர்க்கும் முதல் இரண்டு மரபணுக்களை 1971-ல் அறிவித்தார்கள். இரண்டாவது மரபணு எந்த நெல்லில் இருந்தது தெரியுமா? நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7! பெருமையாக இல்லையா? முதல் மரபணுவை வைத்து பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் ஐ.ஆர். 26 ரகத்தைக் கொடுத்தது. சில வருஷங்களிலேயே அதையும் தின்னும் புகையான் வந்துவிட்டது. 1976-ல் இரண்டாவது மரபணுவோடு ஐ.ஆர். 36 வந்தது. 2009-ல் சீனாவின் ஊகான் நகர விஞ்ஞானிகள் இன்னொரு புகையான் எதிர்ப்பு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது இருக்கும் நெல்லில், பூச்சி ஊசியைச் செருகியதும் சாறு ஓடும் குழாயைக் 'காலோஸ்' என்ற பொருள் அடைத்துவிடுகிறது. ஃப்யூஸ் போன மாதிரி சப்ளை கட்!

ஒரே பூட்டை நம்பினால் ஒரே சாவி போதும். அடுக்கடுக்காகப் பூட்டு வேண்டும். அதில் சில பூட்டுகளை மனிதனே தொலைத்தும் இருக்கிறான். ஐரோப்பிய மக்காச்சோளத்தின் வேரை வண்டின் புழு கடித்தால், வேர் ஒரு வாசனைப் பொருளை மண்ணில் விட்டு, அந்தப் புழுவைக் கொல்லும் நூற்புழுக்களைக் கூப்பிடுகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான சோள ரகங்களில் அந்த வாசனையே இல்லை என்று 2005-ல் தெரிய வந்தது. விளைச்சலை மட்டும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் செடியின் வாய் அடைத்துப் போகவும் கூடும் என்று நான் புரிந்துகொண்டேன்.

டேங்கும் சிலந்தியும்

மருந்து புழுவை மட்டுமா கொல்கிறது? செடி கூப்பிட்டு வந்த குளவியையும், வயலில் காவல் காக்கும் சிலந்தியையும் சேர்த்தே கொல்கிறது. இந்தோனேசியாவில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகி, கடைசியில் 1986-ல் அரசாங்கமே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. நம் ஊர்ப் பரிந்துரையும் அதைத்தான் சொல்கிறது: தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து அடி. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுத்திரு. சிலந்திக்கும் கணக்கில் இடம் உண்டு!

இதை அப்பாவிடம் சொன்னேன். யூரியா அதிகம் போட்டால் புகையான் ஏறும் என்பது அவருக்கு முன்பே தெரியும், எந்தப் புத்தகமும் படிக்காமலேயே. சிலந்திக் கணக்கையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"எல்லாம் சரிதாம்மா. எல்லாரும் மருந்தக் கொறச்சுட்டா எனக்குக் கூலி ஏது? உன் ஃபீஸ சிலந்தியா வந்து கட்டும்?"

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திலும் விடை இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. செடிக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது, அப்பாவின் உடம்புக்கும் நல்லது. ஆனால் வீட்டு வருமானத்துக்குக் கெட்டது. இதில் எந்தப் பக்கம் நிற்பது? மருந்தடித்துவிட்டு வரும் நாளில் அப்பா கண் சிவந்து, சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிடுவதைப் பார்த்தவள் நான். அந்தக் காசில்தான் இந்தப் பேனாவும் வாங்கினேன்.

கடைசியில் நாங்கள் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எங்கள் சொந்தக் காட்டில் முதலில் வரிசை வரிசையாக நடந்து பார்ப்பது. முட்டைக் குவியலைக் கையால் நசுக்குவது. கணக்குக்கு மேலே போனால் மட்டும் மருந்து. ஓரத்தில் தட்டைப்பயறு போட்டிருக்கிறோம். கூலிக்குப் போகிற இடத்தில் கையுறை, மூக்குக்கட்டு, முழுக்கைச் சட்டை கட்டாயம், எதிர்காற்றில் அடிக்கக் கூடாது. நம்ம லேபில் சுவரில் ஒட்டியிருக்கும் 'சேஃப்டி ஃபர்ஸ்ட்' அட்டை காட்டுக்கும் பொருந்தும் அல்லவா? "உங்க மேல ஒரு இன்சுலேஷன் வேணும்ப்பா" என்றேன். "நீ படிச்சதுக்கு இதாச்சும் ஆச்சே" என்றார். போன பருவத்தில் எங்கள் சோளத்துக்கு முந்தின பருவத்தைவிடக் குறைவாகத்தான் மருந்து போனது. விளைச்சல் அப்படியே இருந்தது. அப்பாவின் கூலி டேங்க் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

அதை இறக்குவது என் வேலை. டிப்ளமா முடித்து முதல் சம்பளம் வாங்கும் மாதம் அந்த டேங்கை ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நம்மில் பாதிப்பேர் காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவர்கள். சென்சார், சிக்னல், கன்ட்ரோல் எல்லாம் படிக்கிறோம். கடிபட்ட செடி வாசனையாலும் கரண்ட்டாலும் சொல்கிற சேதியைப் படித்து, 'இன்றைக்கு மருந்து வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்' என்று விவசாயிக்குச் சொல்லும் ஒரு சின்னக் கருவியை நம்மில் யாராவது செய்ய முடியாதா? நம்ம ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு உண்டா? மூன்றாம் ஆண்டில் நான் அதைத்தான் எடுக்கப் போகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் மின்னியல் துறை லேபில் என்னைத் தேடுங்கள். காலும் வாயும் இல்லாத ஒரு செடியே தன் இனத்தைக் காக்க இவ்வளவு செய்கிறது. கையும் காலும் படிப்பும் உள்ள நாம் சும்மா நிற்கலாமா?



இரண்டாம் ஆண்டு மாணவி,
மின் மற்றும் மின்னணுவியல் துறை